நான் போட்ட பந்து, அவர் அடித்த அடி

கடந்த வருடம் காலபோக நெல் வெட்டு முடிந்து, வயல்கள் அறுத்த தாளோடு காய்ந்து கிடந்த மாதத்தில் இது நடந்தது. எங்கள் ஊர் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இரணைமடு வாய்க்கால் ஓடும் ஒரு குடியேற்றத் திட்டம். அந்த மாதங்களில் ஊரில் வேலை குறைவு, விளையாட்டு அதிகம். பின்னேரமானால் வாய்க்கால் கரை மைதானத்தில் எல்லே நடக்கும்.

எல்லே தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஒரு சுற்று ஓடி வரவேண்டும். முழுச் சுற்று ஓடி முடித்தால் ஒரு புள்ளி. ஒருவருக்கு மூன்று பந்துகள்தான். மற்ற விளையாட்டுகளைப் போல எதிரணி பந்து போடுவதில்லை. அடிப்பவரின் அணியில் ஒருவரே நின்று, அவர் அடிக்கக்கூடிய மாதிரிப் பந்தைப் போட்டுக் கொடுப்பார். எங்கள் கழகத்தில் எட்டு வருடமாக அந்தப் பந்து போடுபவன் நான்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். சீமெந்துக் கல் செய்யும் இடமொன்றில் வேலை. வயது நாற்பத்தெட்டு. நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. போட்டியில் விளையாடியது போலவும் இருக்கும், யாரும் என்னைப் பார்க்கவும் மாட்டார்கள். பந்து என் கையைவிட்டுப் போனதும் சனத்தின் கண் அடிப்பவரோடு போய்விடும்.

அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து எங்கள் அணிக்குப் புதிதாக ஒருவர் வந்தார். இருபத்தேழு வயதிருக்கும். இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கும் தம்பி. அதுவரை எந்த அணியிலும் விளையாடியதில்லை. இடக்கைக்காரர். முதல் நாள் பயிற்சியில் நான் போட்ட மூன்று பந்தும் அவருக்குத் தப்பிப் போயின. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தடியை வைத்துவிட்டுப் போய் நின்றார்.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் வீச்சுவலை எறியிறவன். எனக்குக் கை இடுப்பில இருந்துதான் வரும். நீங்கள் நெஞ்சுக்கு நேரை போடுறியள். கொஞ்சம் தாழ்த்திப் பாப்பமே?"

அணியில் மற்ற எல்லோருக்கும் நெஞ்சு உயரம்தான் வேண்டும். எட்டு வருடமாக அப்படியே போட்டுப் பழகிய கை. தாழ்த்திப் போடச் சொன்னதும் பந்து நிலத்தில் விழுந்தது, இல்லையென்றால் அவருடைய முழங்காலில் பட்டது. அவர் தடியை நிலத்தில் ஊன்றி, தன் இடுப்பு வரும் இடத்தைக் கையால் பிடித்துக் காட்டினார். உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு மெதுவாக என்றெல்லாம் சொன்னார். பந்து மேலே போய் விழத் தொடங்கும் நேரம்தான் தனக்கு வேண்டும் என்றார். பத்துப் பன்னிரண்டு நாள், மற்றவர்கள் போன பின்பு, அரை மணித்தியாலம் எனக்குப் பழக்கினார். ஒரு நாள் கூட மற்றவர்கள் முன்னால் என்னைத் திருத்தவில்லை. நான் வயதில் மூத்தவன் என்பதால்தான் ஆட்கள் போகும்வரை பார்த்திருந்தார் என்று எனக்கு விளங்கியது.

அதன் பிறகு நடந்ததை எங்கள் ஊரே பேசியது. நாலு போட்டி, நாலிலும் அவர் அடித்த பந்து வாய்க்காலுக்கு அங்கால் விழுந்தது. எதிரணி பந்தைத் தேடி எடுப்பதற்குள் அவர் சுற்றி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரின் எல்லே கதையெல்லாம் சந்திச் சலூனில்தான். நான் அங்கே வாங்குப் பலகையில் ஒரு ஓரமாக இருந்து கேட்பேன். அன்றும் அப்படித்தான் இருந்தேன்.

"நாலு மட்ச், நாலிலையும் முழுச் சுத்து. இந்த ஊரில இதுக்கு முதல் ஆர் செய்தவை சொல்லுங்கோ பாப்பம்," என்றார் சலூன்காரர், ஒருவருடைய பிடரியில் சவரக் கத்தியை வைத்தபடி.

"நீர் முதல் கத்தியைப் பாரும். அந்த மனுசனுக்குக் காது வேணும்," என்றார் ஓட்டோ ஓடும் தம்பி. அவர் எப்போதும் எங்கள் அணி தோற்கும் என்று சொல்பவர், ஆனால் எல்லாப் போட்டிக்கும் முதலாவதாக வந்து நிற்பவர். "நாலு மட்சும் ஆரோட அடிச்சவர்? வெட்டு வேலை முடிச்சுக் களைச்சு வந்த பெடியளோட. பூநகரிக்காரர் வரட்டும், அப்ப தெரியும்."

"பூநகரிக்காரருக்கென்ன, நாலு கையோ?"

"நாலு கை இல்லை. நாற்பது வரியமா விளையாடுகினம். உங்கட ஆள் வந்து ரெண்டு மாசம்."

"இந்த முறை கப் எங்களுக்குத்தான். எழுதி வையும்."

"நீர் போன வரியமும் எழுதினீர். அந்தக் கொப்பி எங்கை?"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் வந்து இருப்பார். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் சலூனில் அதற்கு மேல் பேச்சில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஐயா சொன்னார்:

"உங்கள் ஒருத்தருக்கும் கண் இல்லை. அடிக்கிறது அவனெண்டு நினைக்கிறியள். முதல் நாள் மூண்டும் தப்பினவன், எப்பிடி ரெண்டு கிழமையில வாய்க்கால் தாண்டி அடிச்சவன்? அடிக்க வைக்கிறது இந்தா, மூலையில இருக்கிற இந்த மனுசன். இவர் போடாட்டி அவன் ஒண்டுமில்லை."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சலூன்காரரும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சவரத்துக்கு இருந்த மனிதரும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். எட்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வை என்மேல் விழுந்ததில்லை.

"என்னண்ணை, உண்மையோ?" என்று ஓட்டோத் தம்பி கேட்டார்.

வழக்கமாக இப்படி யாராவது கேட்டால் நான் குனிந்துகொள்வேன். அன்று குனியவில்லை.

"ஓம். அந்தத் தம்பிக்கு எங்கை போட்டா அடிபடும் எண்டு எனக்குத்தான் தெரியும்," என்றேன்.

அது பொய்யில்லை. எனக்குத் தெரியும்தான். யார் சொல்லித் தந்து தெரியும் என்பதைத்தான் நான் விட்டுவிட்டேன். பால் விடாத தேநீர், ஒரு பிளேன்ரீ, வாங்கித் தந்தார்கள். அதைக் குடிக்கும்போது வாயெல்லாம் இனிப்பாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் லேசாக ஓடியது போல இருந்தது.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது அந்தத் தம்பி முகம் கொடுத்துத்தான் பேசினார். சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். ஆனால் தன் முறை வந்ததும் வேறொருவரைப் பந்து போடச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் இருங்கோ அண்ணை," என்றார். அவ்வளவுதான். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. ஓட்டோ ஓடுகிற ஊரில் ஒரு கதை ஒரு இடத்தில் நிற்காது.

பூநகரி அணியோடு அரையிறுதி வந்தது. அந்தப் போட்டியிலும் தம்பி என்னைக் கூப்பிடவில்லை. மற்றவர் போட்ட முதல் பந்து தப்பியது. இரண்டாவதும் தப்பியது. மூன்றாவது பந்தில் தடியின் நுனி பட்டு, மேலே எழும்பி, பக்கத்தில் நின்றவரின் கையில் போய் விழுந்தது. அடுத்த முறை அடிக்க வந்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். மற்றவர்கள் ஓடிய ஓட்டத்தில் ஒரு புள்ளியால் தப்பி நாங்கள் இறுதிப் போட்டிக்குப் போனோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் துள்ளினார்கள். தம்பி மட்டும் தடியை வைத்துவிட்டு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் என் முதுகில் தட்டினார்கள். "ஐயா சொன்னது சரிதான் பாத்தியளே! இந்த அண்ணை இல்லாட்டி அவர் பூச்சியம்!" நான் அவர்களின் கைக்குள்ளிருந்து விலகிப் போய் நின்றேன்.

அன்று பின்னேரம்தான் முழு விஷயமும் தெரிந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒவ்வொரு கழகமும் இரண்டு பெயர் அனுப்ப வேண்டும். வருகிற திங்கட்கிழமைக்கு முதல் கடிதம் போக வேண்டும். ஒரு பெயர் எங்கள் அணித்தலைவருடையது. மற்றது அந்தத் தம்பியுடையது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கழகத் தலைவர் என்னைக் கண்டு நின்று, "அவரின்ர பேரை வெட்டுவம் எண்டு யோசிக்கிறன்," என்றார். "மாவட்டத்தில வேறை ஆரோ ஒருத்தர்தானே பந்து போடுவார். அங்கையும் உம்மை அனுப்பேலுமே? போய் மூண்டையும் தப்ப விட்டா எங்கட கழகத்துக்குத்தானே வெக்கம்."

சலூனில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் சுற்றி வந்து இப்போது அவர் பெயரை வெட்ட நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நானோ "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கறி கிண்டிக்கொண்டே கேட்டார். "எனக்குச் சொன்னதை அங்கை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். முதல்ல அந்தப் பெடியனிட்டைப் போங்கோ," என்றார்.

விடிய இரணைமடுவுக்குப் போனேன். தம்பி குளக்கட்டுக்குக் கீழே வள்ளத்தை இழுத்து வைத்து, வலையிலிருந்து யப்பான் மீன்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் போனேன். பிறகு, சலூனில் அப்படிச் சொன்னது பிழை என்று சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "நீங்கள் பொய் சொல்லேல்லையே அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே."

"நீர் சொல்லித் தந்துதானே தெரியும்?"

"அது எனக்குத் தெரியும். என்னட்டைச் சொல்லி என்ன செய்யிறது?"

பிறகு அவரே சொன்னார். பூநகரிப் போட்டியில் பந்து போட்டவருக்கு அவர் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லையாம். "எப்பிடிப் போட்டாலும் அடிச்சுக் காட்டோணும் எண்டு ஒரு ரோசம். மூண்டும் நெஞ்சுக்கு நேரை வந்தது. விசர் வேலை பாத்தன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாவட்டக் கடிதத்தைப் பற்றி அவராகவே ஒரு வரி மட்டும் கேட்டார். "பேர் போகேல்லையாம், என்ன?" நான் இன்னும் போகவில்லை, நேரம் இருக்கிறது என்றேன். அவர் மீனைக் கழற்றியபடி தலையாட்டினார். போகும்போது ஒரு கோர்வை மீனை என் சைக்கிளில் மாட்டிவிட்டார். வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, வாங்கவும் முடியவில்லை.

நேரே சலூனுக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. ஐயா இருந்தார், ஓட்டோத் தம்பி இருந்தார். வாசலில் நின்றபடியே, வழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லி முடித்தேன். தாழ்த்திப் போடச் சொன்னது அவர்தான், பத்துப் பன்னிரண்டு நாள் பழக்கினது அவர்தான், எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு ஐயா என் தோளில் கை வைத்தார்.

"பாத்தியளோ? இதுதான் மனுசத்தன்மை. தன்ர பேரையும் தூக்கி அவனுக்குக் குடுக்கிறார்!"

"அண்ணைக்கு இரக்க மனம். அவற்ற பேர் வெட்டுப்படப் போகுது எண்டு கேட்டிட்டு வந்து நிக்கிறார்," என்றார் ஓட்டோத் தம்பி. சலூன்காரர் எனக்குப் பிளேன்ரீ சொல்லப் போனார்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வரப் பார்த்தது. பொய்யான பெருமையை ஒரே தரத்தில் நம்பியவர்கள், உண்மையை என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எவ்வளவு சொன்னாலும் நான் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போவேன், அந்தத் தம்பி இன்னும் ஒன்றுமில்லாதவராகிக்கொண்டே போவார். பேச்சால் இதைச் சரிசெய்ய முடியாது என்று அப்போது விளங்கியது. பேச எனக்குத் தெரியாது. பந்து போடுவது மட்டும்தான் தெரியும்.

பிளேன்ரீயைக் குடிக்காமல் கேட்டேன். "ஐயா, நாளைக்குப் பின்னேரம் மைதானத்துக்கு வருவியளோ?"

"ஏன்?"

"நீங்கள்தான் பந்து போடோணும்."

சலூனே சிரித்தது. ஐயா பந்தைத் தொட்டு எத்தனையோ வருடம். "எனக்குத் தோள்மூட்டு நோ," என்றார். "அதுதான் வேணும்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு கழகத் தலைவர் வீட்டுக்குப் போய், மறுநாள் பின்னேரம் வந்து பார்த்துவிட்டுக் கடிதத்தை எழுதச் சொன்னேன். தம்பிக்கும் ஆள் அனுப்பிச் சொன்னேன்.

சனிக்கிழமை பின்னேரம் போட்டிக்கு வருகிற அளவு சனம். நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். தானும் போட்டுப் பார்க்கிறேன் என்று முதலில் ஓட்டோத் தம்பி பந்து போடப் போனார். தடியோடு நின்ற தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் தடியை நிலத்தில் ஊன்றி, இடுப்பளவைக் கையால் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த உயரம். இவ்வளவு தள்ளி. மேலை போய் விழேக்கை நான் அடிப்பன். அவசரப்படாதேங்கோ."

முதல் பந்து தாழ்ந்து போய் மண்ணில் விழுந்தது. சிரிப்பு. "இன்னும் கொஞ்சம் மெல்ல," என்றார் தம்பி. இரண்டாவது பந்து சரியாக வந்தது. அவர் அடிக்காமல் விட்டுவிட்டு, "இதுதான். இதையே திருப்பிப் போடுங்கோ," என்றார். மூன்றாவது பந்தை அடித்தார். அது போன இடத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வாய்க்காலுக்கு அங்காலே நின்ற மாடு ஒன்று எழும்பி ஓடியதைத்தான் பார்த்தோம்.

பிறகு ஐயா போனார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் தோளைப் பிடித்தபடி நின்றார். தம்பி அவருக்கும் அதே பொறுமையோடு சொன்னார். "ஐயா, தோளைத் தூக்காதேங்கோ. கீழ இருந்து விடுங்கோ. ரிக்கற் குடுக்கிற மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள், ஐயாவும் சிரித்தார். இரண்டு பந்து போன பிறகு மூன்றாவது வாய்க்காலுக்குள் விழுந்தது. தண்ணீர் எழும்பியது.

ஐயா அங்கேயே நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, "நீர் நேற்று உண்மைதான் சொல்லியிருக்கிறீர்," என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் முந்தைய நாள் என் தோளில் வைத்த கையை இந்த முறை வைக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

கழகத் தலைவர் அன்று இரண்டு பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

இறுதிப் போட்டிக்குத் தம்பி என்னைத்தான் பந்து போடக் கூப்பிட்டார். யார் போட்டாலும் அவர் அடிப்பார் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நான் ஓட்டோத் தம்பியைப் போடச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. இப்போதும் அவர்தான் போடுகிறார். நாங்கள் அந்தப் போட்டியில் இரண்டு புள்ளியால் தோற்றோம். மீன் பிடிக்கும் தம்பி மூன்று முழுச் சுற்று ஓடினார், மற்றவர்கள் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு சலூனில், அடுத்த வருடம் கப் எங்களுக்குத்தான் என்று மறுபடியும் பேச்சு. மாவட்ட அணியில் முதல் அவரை வெளியே இருத்தி வைத்தார்கள். பிறகு விளையாடுவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அவரே தொலைபேசியில் சொன்னார், அங்கே பந்து போடுபவருக்கு மூன்று நாள் பழக்க வேண்டி வந்ததாம்.

பந்து போடும் இடத்தை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். பின்னேரங்களில் கை எதையோ தேடும். ஆனால் வாய் பேசாத ஆளாக இருப்பதால் என்னால் யாருக்கும் தீங்கு வராது என்று நெடுங்காலமாக நான் நினைத்திருந்தேன், அது பிழை. இன்னொருவருக்குப் போகவேண்டிய ஒரு பாராட்டு என்னிடம் வந்து நிற்கும்போது, அதை அந்த இடத்திலேயே உரியவரிடம் திருப்பி அனுப்பும் அளவுக்காவது ஒரு மனிதனுக்குப் பேச்சு வேண்டும்; அதை இப்போதும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.